கணக்குத் தவறிய சுரங்கங்கள்

பெல்கிரேடிலிருந்து பார் துறைமுகம் போகும் ரயிலில்
உள்ளே உட்கார்ந்தும் கறுப்புக் கண்ணாடி கழற்றவில்லை.
அழுதிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்ளட்டும்.

பத்தொன்பது நாளாயிற்று,
பள்ளிச் சமையலறையில் அலமாரிக் கதவு
என் நெற்றியைத் தேடி வந்து.
ரத்தம் வரவில்லை. அதனால் யாரும் நம்புவதில்லை.
படிக்காதே, திரை பார்க்காதே, கவலைப்படாதே என்றார் டாக்டர்.
மூன்றாவதற்கு
எந்த மருந்துக்கடைக்குப் போவதென்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு நோட்டரி.
என் கையெழுத்தில்லாமல் வீடு கைமாறாதாம்.
அண்ணன் மிலுதின் அனுப்பிய பதினொரு செய்திகள்
திறக்காமலே கனக்கின்றன.

சுரங்கத்தைத் தாங்கிக்கொள்கிறேன். இருட்டு நல்லது.
ஒரு சுரங்கம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடுக்கில்தான்
வெயில்,
அடுக்கிய தட்டுகள் சரிவதுபோல்
மண்டைக்குள் விழுகிறது.

எதிர் இருக்கைப் பையன் எண்ணிக்கொண்டே வருகிறான்.
அறுபத்தேழு! அறுபத்தெட்டு!
ஒவ்வொன்றும் ஆணி.
சும்மா இரு என்று சொல்ல வாயெடுத்தேன்.
'உப்பு' என்று வந்தது.

அவன் பைக்குள் துழாவி
அவித்த முட்டைக்கு வைத்திருந்த
சின்னப் பொட்டலத்தை நீட்டினான்.
வாங்கி ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தேன்,
வேறென்ன செய்ய.

அதற்குப்பின் அவன் விரல்களால் எண்ணினான்.
பத்து சேர்ந்ததும் என் முழங்கையைத் தொட்டான்.
பத்துகளை நான் வைத்துக்கொள்ள வேண்டுமாம்.

கொலாஷினுக்கு அப்பால் எங்கோ
தவறவிட்டேன்.
'எத்தனை?' என்று கண்ணால் கேட்டான்.
நூற்றிருபது என்றேன்.

கொஞ்ச நேரம் பார்த்தான்.
திருத்தவில்லை.
மறுபடி சுண்டுவிரலிலிருந்து தொடங்கினான்.