தவணை நாள்

வேலி அரையடி நகர்ந்தது. அது ஒரு வழக்கு.
பத்து வருசம் வாய் திறக்காவிட்டால்
அந்த அரையடி அருந்தவராசாவின் காணியாம்.
ஒன்பதாம் வருசம் கதியாலைப் பிடுங்கினேன்.
அவன் அலவாங்கைத் தூக்கினான்.

அது இறங்கியது என் கையில்,
ஆனால் வழக்காளி அரசு.
"என்னைத்தானே ஐயா அடிச்சது?" என்றேன்.
எழுதுவினைஞர் தலை நிமிராமல்
"அதாலதான் நீர் முதலாம் சாட்சி" என்றார்.

அங்கே நியாயமான சந்தேகம் ஒன்றும் மிஞ்சக் கூடாதாம்.
மாவட்டக் கோட்டிலே என்றால்
தராசு ஒரு நெல்மணியளவு சரிந்தாலே போதுமாம்.
ஒரே வேலி, ஒரே மத்தியானம்,
உண்மைக்கு மட்டும் இரண்டு எடை.

பிறகு மாவுக்கட்டு.
இறுக்குது என்று மூன்று தரம் சொன்னேன்.
விரல் நீலம் பாரித்தது.
இரண்டு இரவு நித்திரையில்லாத டொக்டர் பிள்ளை
விடியப்புறம் வெட்டித் திறந்து, பார்த்து, அழுதாள்.
அழுகையை மனுவில் எழுதத் தேவையில்லை என்கிறார் சட்டத்தரணி.
கெட்ட மனம் வேண்டாமாம்,
கவனம் குறைந்திருந்தால் போதும்.
இரண்டு வருசத்துக்குள் போட வேணும்.
இன்னும் பதினெட்டு நாள் கிடக்கிறது.
கையெழுத்து வைக்கவில்லை;
வைக்கிற கையும் அதுதான்.

இன்றைக்குத் தவணை.
உரும்பிராய்ச் சந்தியில் இருவருக்கும் ஒரே மினிபஸ்.
இறங்கும்போது கோவை நழுவிற்று,
விரல்கள் மடங்கவில்லை.
அருந்தவராசா குனிந்து பொறுக்கினான்:
நில அளவைப் படம், உறுதி, எக்ஸ்ரே.
எக்ஸ்ரேயை வெயிலுக்குப் பிடித்து
கொஞ்சநேரம் பார்த்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
கோட்டு வாசல்வரை அவனே கொண்டுவந்து தந்துவிட்டு
எதிர்ப்பக்கம் போய் நின்றான்.