ஒற்றை ஆளுக்கு அறை

முந்நூற்று நான்கில் கடல் தெரியும் என்றுதான்
பலகையில் இருக்கிறது.
எதிரே ஐந்து மாடி எழும்பிய பிறகு
குளியலறை ஜன்னல் விளிம்பில் கைவைத்து எக்கினால்
நீலமாய் ஒரு கைக்குட்டை அகலம்.
அதற்கு இருநூறு ரூபாய் கூடுதல்.
‘தெரியுதுல்லா? பிறவு என்ன?’ என்பார்
தாசையன் முதலாளி.

பதினோரு வருடமாய் இரவு டூட்டி.
மாலை போட்டவர்களுக்கு வெந்நீர் நேரம் சொல்வேன்.
புதுசாய்க் கல்யாணம் ஆனவர்களுக்கு
மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு.
முழங்கால் வலிக்காரர்களைச் சிதறால் மலைக்கு அனுப்பமாட்டேன்.
வட்டக்கோட்டைக்கு மத்தியானம் போகாதீர்கள்,
கல் உள்ளங்காலைத் தின்றுவிடும்.
விடியலில் ஐந்தேகாலுக்குக் கதவு தட்டுவேன்;
மேகம் கிடந்தால் ஏச்சு எனக்கு,
சூரியனை நான்தான் பூட்டி வைத்ததுபோல.

ஆனி மாதம். சாரல் விடாத ராத்திரி.
ஒன்பதரைக்கு ஒரு அம்மா, தனியாக.
பெட்டி இல்லை, ஒரு ரெக்சின் பை.
பி. ஆவுடையம்மாள், நாற்பத்தொன்று, சங்கரன்கோவில்.
வந்த காரணம் என்ற கட்டத்தில்
‘பார்க்க’ என்று மட்டும் எழுதினார்.

தனி ஆளுக்கு அறை கிடையாது.
ஏன் என்று எந்த லாட்ஜும் பலகையில் எழுதுவதில்லை.
எங்கள் இருநூற்றேழு
ஒரு வருடம் பூட்டிக் கிடந்தது.
அன்று காலை அதைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு
மாற்றுச் சாவி போட்டவன் நான்.

‘மூணு இடத்தில் இல்லைன்னுட்டாங்க’ என்றார்.
குடைத் தண்ணீர் பதிவேட்டில் சொட்டி
சங்கரன்கோவில் கலங்கியது.
நூற்றொன்றின் சாவியைக் கொடுத்தேன்.
என் மேசைக்கு நேர் எதிர்க் கதவு.
ஜன்னலைத் திறந்தால் ஜெனரேட்டர்.
‘கடல் தெரியுமா?’
‘தெரியாதும்மா’ என்றேன்,
விற்கத் தெரியாதவன் மாதிரி.

‘நாளைக்கு எங்கெல்லாம் போகலாம்?’
திறந்த வாயை மூடிக்கொண்டேன்.
தொட்டிப்பாலம், நூற்றுப் பதினைந்து அடி.
முட்டம், பாறை.
திற்பரப்பில் இப்போது வெள்ளம்.
உயரமும் ஆழமும் இல்லாத இடம் வேண்டும்.
இந்த மாவட்டத்தில் அப்படி ஒன்றைத் தேடிப் பாருங்கள்,
தெரியும்.

‘தோவாளைப் பூச்சந்தை’ என்றேன் கடைசியில்.
‘விடியுமுன்னே போங்க.
பிச்சிப்பூ விலை ஏறி இறங்குற சத்தத்துக்கே போகலாம்.
அப்புறம் பத்மநாபபுரம் அரண்மனை;
கருந்தரையில் குனிஞ்சா முகம் தெரியும்,
அறைக்கு அறை ஆள் நிப்பாங்க.
நாகர்கோவிலில் ரசவடை. மட்டிப்பழம்.’
கிறிஸ்துதாசின் ஆட்டோவைச் சொல்லி,
அவனிடம் மட்டும் வெளியே வந்து:
‘மக்கா, கண்ணை எடுக்காதே.’

பதினொன்றுக்குத் தட்டினேன்: தண்ணீர் வேணுமா?
ஒன்றேகாலுக்கு: கொசுவத்தி?
மூன்றுக்கு என்ன கேட்பதென்று யோசிக்கும்போதே
கதவு திறந்தது.
‘தம்பி, இங்க தூங்குறதுக்கும் தனிக் காசா?’

மறுநாள் ஆறு மணிக்கு வந்தார்.
தலையில் பிச்சி, கையில் நாற்பது பக்க நோட்டு.
மேசையில் விரித்தார்.
ஏழாம் வகுப்பு, பிள்ளைகள் அறுபத்திரண்டு, டீச்சர்கள் நாலு.
அரண்மனை: செருப்பு விட, எடுக்க, இருபது நிமிஷம்.
சந்தை: கழிப்பறை எங்கேன்னு ஒருத்தருக்கும் தெரியல.
‘தொட்டிப்பாலம்னு ஒண்ணு இருக்காமே,
ஆட்டோக்காரர் வாய் தவறிச் சொன்னார்.
கேட்டா, ரோடு சரியில்லைங்கிறார்.
கடல் பார்க்காத பிள்ளைகளை
பூ வாங்கவா கூட்டிட்டு வருவேன்?’

‘மறந்துட்டேன் டீச்சர்.’

‘பதினோரு வருஷமா?’

பெரிய அறை எது என்று கேட்டார்.
முந்நூற்று நான்கு, கடல் தெரியும் என்றேன்,
பழக்க தோஷம்.
பிறகு கைக்குட்டைக் கணக்கையும் சொன்னேன்.
ஒவ்வொருத்தராய்த்தான் எக்க முடியும்,
குட்டைப் பிள்ளைகளுக்கு வாளியைக் கவிழ்த்துப் போடணும்.

வாளி ஒன்று என்று
நோட்டில் எழுதிக்கொண்டார்.