வலமிருந்து இடம்

ஆரம்பாக்கம் சோதனைச்சாவடி, இரவு பதினொன்றே கால்.
பாட்டிலோ பொட்டலமோ இருக்குமென்று
தடாவில் ஏறியவர்களின் பைகளை மட்டும்
அழுத்திப் பார்க்கிறார்கள்.
என் பையில் கனமாக ஏதோ தட்டுப்பட்டது.
டார்ச்சைத் தாடைக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கி,
பெயர்ப்பட்டையில் தசரதன் என்றிருந்தவர்
வெளியே எடுத்தார்.

"இன்னாம்மா இது?"
"மாங்கா சார்."
"மாங்காவா?"
பின்சீட்டில் ஆவக்காய் ஜாடியைக்
குழந்தை மாதிரி மடியில் வைத்திருந்தவர்
சிரித்துவிட்டார்.

தசரதன் இடப்பக்கமிருந்து திறந்தார்.
எல்லாரும் அப்படித்தான் திறப்பார்கள்.
எடுத்த எடுப்பில் கதை முடிந்துவிட்டது:
ரயில்வே கேட்டில் ஒருத்தி நிற்கிறாள்,
கிதார் பையோடு ஒருவன் முதுகைக் காட்டிப் போகிறான்.
அந்தப் பக்கம் சார் ஆரம்பம் என்று சொல்ல வாயெடுத்து
விட்டுவிட்டேன்.
அவர் புரட்டிய திசையிலேயே
எனக்கும் ஓடத் தொடங்கியிருந்தது.

நரிதாவில் எடை மிஞ்சி,
ஸ்வெட்டரைக் குப்பைக்கூடையருகே மடித்து வைத்துவிட்டு
புத்தகங்களைத் தூக்கிக்கொண்ட காலை.

அதற்கு முந்தின இரவு
கோயென்ஜியில் ஒரு நிலவறை. படி இறங்க இறங்க பீர் வாசம்.
மேடையில் மூன்று பெண்கள்,
கீழே என்னையும் சேர்த்துப் பதினோரு பேர்.
டிரம்ஸ் அடித்தவள் பகலில்
பல் மருத்துவமனையில் ரசீது எழுதுகிறாளாம்.
அவள் அடித்த அடியில்
எங்கள் கம்பெனி பிரஸ் மெஷின்
எட்டு மணி நேரமும் என்ன சொல்ல முயன்றதென்று
விலா எலும்புக்குப் புரிந்தது.
கேசட் ஒன்று வாங்கினேன்.
அதைப் போட்டுக் கேட்க என்னிடம் எதுவும் இல்லை.
இன்னும் இல்லை.

அதற்கும் முன்னால்
மெதுவண்டிகளுக்கு மட்டுமான ஐந்து நாள் சீட்டு.
சூளூர்பேட்டை வண்டி போல எல்லா ஊரிலும் நின்று,
ஆனால் சொன்ன நிமிடத்தில் நின்று.
கதவு மூடுமுன்
நிலையத்துக்கு ஒரு மெட்டு, ஏழெட்டு விநாடி.
நாற்பத்திரண்டைப் போனில் பிடித்திருக்கிறேன்.
இரண்டில் என் தும்மல்.

பாட்டுக் கேட்க மட்டுமே ஒரு காப்பிக் கடை, எந்த ஊரென்று மறந்துவிட்டது,
பேசக் கூடாதென்று சுவரில் எழுதியிருந்தது.
பாத்ரூம் எங்கே என்று கிசுகிசுத்தேன்.
கடைக்காரர் உதட்டில் விரல் வைத்து
இசைத்தட்டு உறையாலேயே வழி காட்டினார்.

நகோயாவில் மழை.
மணிக்கணக்கு வாடகைக்கு ஒரு பெட்டி அறை,
காலை நீட்டினால் கதவு இடிக்கும்.
விடிய விடியப் படித்தேன்.
பக்கத்துக்கு ஆறு சொல் புரிந்தது.
ஏழாவதை, அழுகிற முகம் சொன்னது.

எல்லாவற்றுக்கும் முன்னால்
ஹமமட்சு பக்கம் மூன்று மாதப் பயிற்சி, வைப்பர் மோட்டார்.
லீவில் எங்கே போகிறாய், மலை பார்க்கவா என்றார் மோரிஷிதா.
பழைய காமிக்ஸ் கடைகளுக்கு என்றேன்.
பற்றவைத்த கம்பியிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார்:
"என் மகள் வரைகிறாள். நான் படித்ததில்லை."
அப்புறம் மதியச் சங்கு வரைக்கும்
அவர் வாயைத் திறக்கவே இல்லை.

"தோ பாரு," என்றார் தசரதன்.
முதல் பக்கத்துக்கு வந்திருந்தார், தனக்குக் கடைசியாக.
பக்கம் முழுக்கக் கறுப்பு. நடுவில் கோணல்மாணலாக
வெள்ளையில் மூன்றே எழுத்து.
"ஆளும் இல்ல, வண்டியும் இல்ல. இன்னா எழுதிக்கீது?"
"ஷீஈன்னு சார். சத்தம்."
"இன்னா சத்தம்?"
"ஒண்ணுமே கேக்கலேன்னா வருமே, அது."

டார்ச்சைக் கையில் எடுத்துக்கொண்டார்.
டிரைவர் எப்போதோ எஞ்சினை அணைத்திருந்தார்.
பழவேற்காட்டுப் பக்கமிருந்து உப்புக் காற்று.
இரண்டு லாரிகளுக்கு நடுவில்
நெடுஞ்சாலை ஒரு கணம் காலியானது.

"கொய்ங்னு கேக்குது."
"அதான் சார்."

புத்தகத்தைப் பையில் அவரே வைத்தார்,
முதுகு கசங்காமல்.
பிறகு பின்சீட்டுக்குப் போய்
ஜாடியைத் திறக்கச் சொன்னார்.