சராசரி ஆயுள்

பெட்டியோடு வந்த தாளில் ஓர் எண் இருந்தது:
ஒரு மில்லியன் மணி நேரம்.
வகுத்துப் பார்த்தால் நூற்றுப் பதினான்கு வருஷம்.
என்னைவிட, நான் பழுதுபார்க்கும் மின்தூக்கிகளைவிட,
ஏன், இந்தக் குடியரசைவிட மூத்துத்தான் சாகும் என்று
பூங்கோதையிடம் சொல்லிச் சிரித்தேன்.

போனது மூன்று வருஷம் இரண்டு மாதத்தில்.
உத்தரவாதம் மூன்று வருஷம்.

பத்து அங்குலத் திரை. ஒரு கையில் அடங்கும்.
அதற்காகவே வாங்கினேன்.
தோ பாயோவில் மின்தூக்கியின் கூரைமேல் குந்தியபடி
முழங்காலில் வைத்துத் தட்டச்சு செய்தேன்.
புக்கிட் மேராவின் இயந்திர அறைகளில்
என்னோடு வெந்தது.
மழைக்கு ஓடிப் பேருந்தில் ஏறும்போது
பையில் குலுங்கியது.
உள்ளே ஒரு தட்டு
நிமிடத்துக்கு ஐயாயிரத்து நானூறு முறை சுற்றுவதையும்
அதன் மேல் ஓர் ஊசி
தூசி நுழையாத இடைவெளியில்
தொடாமல் பறந்துகொண்டிருப்பதையும்
யார் நினைத்துப் பார்த்தது?

என் தொழில் கேட்பது.
ஏறும்போது முனகினால் தாங்குருளை.
மூடும்போது இரட்டைத் தட்டு என்றால் கதவுச் சக்கரம்.
'ஆறு வாரத்துக்குள் மாற்றவும்' என்று எழுதுவேன்.
நகர மன்றத்தில் மறுபேச்சு கிடையாது.

அந்த ஆளின் மடியில்தான்
ஒரு மாதமாக
டிக் என்றது.
கொஞ்சம் பொறுத்து, டிக்.
விசிறி என்று நினைத்தேன்.
அப்படி நினைப்பது வசதியாக இருந்தது.

சிம் லிம், ஐந்தாம் மாடி.
தியோ பூன் ஹுவீ அதைக் காதருகே பிடித்தார்,
நான் தண்டவாளத்தில் காது வைப்பதைப் போலவே.
இரண்டு முறை இயக்கினார்.
மூன்றாம் முறை இயக்கவில்லை.
அந்த மரியாதை எனக்குப் புரிந்தது.
"ஊசி விழுந்துவிட்டது, பாஸ்.
எண்ணூறு வெள்ளி. கிடைக்கும் என்று சொல்லமாட்டேன்.
எது முக்கியமோ எழுதிக் கொடுங்கள், முதலில் அதைத் தேடுகிறேன்."

அறிக்கைகள் அலுவலகத்தில் இருக்கின்றன.
படங்களில் பாதி பூங்கோதையின் கைப்பேசியில்.
மிச்சம், ஒலிகள்.
இருநூற்றுச் சொச்சம் மின்தூக்கிகள்
கெடுவதற்குச் சற்று முன் எழுப்பிய சத்தம்.
யாரும் கேட்காமல் நானாகச் சேர்த்தவை.
எந்த புளோக், எந்தத் தேதி, எந்த நோய்:
அந்தப் பட்டியலும் அதற்குள்தான்.

தாளில் 'எல்லாம்' என்று எழுதினேன்.
அடித்தேன்.
மறுபடி அதையே எழுதினேன்.

பதினெட்டு நாள் கழித்து ஒரு சுண்டுவிரல் குச்சியில்
கிடைத்ததைப் போட்டுத் தந்தார்.
பெயர்கள் போய்விட்டன. எண்கள்தான்.
கோப்பிக்கடையில் உட்கார்ந்து
வேறு கணினியில் சொருகிக் கேட்டேன்.
ஒன்றில் கம்பி உரசல், எங்கே என்று தெரியவில்லை.
ஒன்றில் முப்பது விநாடி வெறும் காற்று.
ஒன்றில் கதவு திறக்கிறது;
ஒரு பெண் மலாயில் கேட்கிறாள்,
இது ஏழாம் மாடியில் நிற்குமா என்று.
பதில் சொல்ல நான் இழுக்கும் மூச்சு கேட்கிறது.
அதோடு சரி.
என்ன சொல்லியிருப்பேன்?
ஆறிய கோப்பியில் ஆடை கட்டியது.

புதியதில் தட்டு இல்லை, ஊசி இல்லை.
"சத்தமே வராது" என்று கடைக்காரப் பையன் பெருமைப்பட்டான்.
சாகும்போது?
"அப்போதும்தான்."
அந்தப் பதிலைத்தான் இன்னும் என்னால் செரிக்க முடியவில்லை.

ஞாயிறுதோறும் இரண்டு பிரதி எடுக்கிறேன்.
இருந்தும், நேற்றிரவு எல்லாரும் தூங்கியபின்
குனிந்து அதன் முதுகில் காது வைத்தேன்.
பக்கத்து வீட்டில் தண்ணீர்க் குழாய்.
தூரத்தில் விரைவுச்சாலை.
வெளியே, எங்கள் புளோக்கின் மின்தூக்கி
யாரையோ ஏற்றிக்கொண்டு மேலே போனது.
எட்டைத் தாண்டும்போது
லேசாக ஒரு தட்டு.