பிசானத்துக் கார்

ஒரே பெயர், ஒரே விலை, அதே வெள்ளை.
கதவைத் திறந்தால் அதே மூன்று சுரம்.
என் வண்டி ஜூலையில் செய்தது,
மைத்துனன் அணஞ்சபெருமாளுடையது ஜனவரியில்.
சேரன்மகாதேவிக் கணக்கில் சொன்னால்
என்னுடையது கார் போகம்,
அவனுடையது பிசானம்.
வயல் ஒன்றுதான். சோறு வேறு.

இதை முதலில் சொன்னது என் இடுப்பு.
நாலாவது கண்ணிக்கும் ஐந்தாவதற்கும் நடுவே
பாளையங்கோட்டை டாக்டர் பேனா முனையால் தொட்டுக் காட்டிய
கறுப்புப் புள்ளி.
சித்திரை விசுவுக்கு அவன் வண்டியில் பாபநாசம் போய்வந்தேன்,
புள்ளி தூங்கிக்கொண்டே வந்தது.
மறுநாள் என் வண்டியில் ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போகையில்
ரயில்வே கேட்டுக்கு முன்னமே விழித்துக்கொண்டது.

"நோக்காடு உம்ம இடுப்புல அத்தான்,
வண்டிய ஏன் வையுதீரு?"
பிந்தி வாங்கியவன் குரலில் இருக்கும்
அந்தக் கருணை.

ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி.
காருகுறிச்சி பஞ்சர் கடை மைதீன்
எட்டுச் சக்கரத்துக்கும் ஒரே காற்று வைத்தார்.
ஒரே எவர்சில்வர் தம்ளர், கழுத்துவரை தண்ணீர்,
வீரவநல்லூர் மட்டும், நாற்பதில்.
அடியில் விரித்த துவர்த்தைப் பிழிந்து
உலகம்மாள் இருமல் மருந்து மூடியால் அளந்தாள்:
என் வண்டி ஏழு மூடி,
அவள் தம்பியுடையது நாலரை.
ஆளை மாற்றி ஓட்டினோம்.
என் வண்டியில் அவன் ஐந்து,
அவன் வண்டியில் நானும் ஐந்து.
மூன்றாம் தடவை செம்மறிக் கிடை குறுக்கே வந்து
கணக்கே கெட்டது.
அவன் தொண்ணூற்று நாலு கிலோ, நான் அறுபத்தொன்று,
இதைக் கூட்டுவதா கழிப்பதா என்று சண்டை முற்றி
மிச்சத் தண்ணீரை
நான் குடித்துவிட்டேன்.

வண்ணார்பேட்டை ஷோரூமில்
டை கட்டிய பையன் திரையைத் திருப்பிக் காட்டினான்.
"எந்த மாசம் செஞ்சாலும் எல்லாம் ஒண்ணுதான் சார்."
பின் சக்கர ஷாக் அப்சார்பரின் எண்,
பத்து இலக்கமும் ஒன்றுபோலத்தான்.
அணஞ்சான் வண்டிக்கு மட்டும்
கடைசியில் ஒரு 'பி'.
"அது சும்மா எழுத்து சார்."

முப்பத்தோரு வருஷமாகப் பத்திரம் எழுதுகிறேன்.
சர்வே எண் 214/2 வேறு,
214/2பி வேறு.
அந்த ஓர் எழுத்தால்
கிணறு அண்ணனுக்கும்
கிணற்றுக்குப் போகிற நடைபாதை தம்பிக்கும் விழுந்து
இருவரும் பேசாமலே செத்திருக்கிறார்கள்.
சும்மா எழுத்து என்று ஒன்று
என் பேனாவில் இதுவரை இறங்கியதில்லை.
வண்டிக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்க
எந்த ஆபீசில் மனு கொடுக்க வேண்டும்?

மேசைக்குப் பின்னாலிருந்த பெண் புகார்த் தாளை நீட்டினாள்.
கை தன் பழக்கத்தில் எழுதிற்று:
கிழக்கே சேரன்மகாதேவி ரயில்வே கேட்,
மேற்கே வீரவநல்லூர் பஸ் நிறுத்தம்,
வடக்கே தாமிரபரணி,
தெற்கே கன்னடியன் கால்,
இந்த நான்கெல்லைக்குள்பட்ட குலுக்கல்,
ஓட்டுநர் இருக்கை உள்பட,
வண்டி கைவசம் வந்த நாள் முதல்
இடையூறின்றி அனுபவித்து வருவது.

இரண்டு தடவை வாசித்தாள்.
கணினியில் ஒரே சொல் தட்டினாள்:
சத்தம்.

வெளியே வந்ததும் அணஞ்சபெருமாள்
என் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு
தன்னுடையதைப் போட்டான்.
"ஊரு வரைக்கும் நீரு இதுல வாரும்."
அவன் முன்னால் போனான்.
பேட்டை தாண்டி ஊர் வரும்வரை
ஒவ்வொரு குழிக்கும் அவன் தலை எவ்வளவு ஆடுகிறது என்று
கண்ணாடி வழியே எண்ணிக்கொண்டே வந்தேன்.
பதினேழு.
என் இடுப்பைக் கேட்க
மறந்துவிட்டேன்.