பெட்டியில் எழுதிய பேர்

இரவு ஒன்று இருபது.
பெருநாடி வெடித்து
முதுகுப்பக்கம் இரத்தம் குளம் கட்டுகிறது.
"வயித்தைத் திறந்தால் மேசையிலயே போயிடுவார்.
கவட்டால போவம். ஸ்டென்ட் என்ன இருக்கு?"

அலுமாரியில் ஒன்றுதான் இருந்தது.
ஏழு மாதம் காத்திருந்து
கொழும்பிலிருந்து வந்தது.
பெட்டியின் மேல் நீல மார்க்கரில்,
என் கையெழுத்து:
இராசநாயகம், மட்டுவில், வியாழன்.

அளவு சரிவருமோ என்று இரண்டு தரம் பார்த்தார்கள்.
சரிவராவிட்டால் நல்லது என்று
ஒரு கணம் நினைத்தேன்.
இதை எழுதாமல் விட்டிருக்கலாம்.

சரிவந்தது.

சவிரியான், குருநகர், அறுபத்தெட்டு வயது.
மயக்கினால் பிரஷர் விழும் என்று
விழித்தபடியே கிடத்தியிருந்தோம்.
கவட்டின் இருபக்கமும் ஒவ்வொரு துளை,
சட்டைப் பொத்தான் அளவு.
ஈயக்கவசத்துக்குள் வேர்த்து ஒழுக
முதுகெலும்பின் நிழலோரம் கம்பி ஏறுவதை
திரையில் பார்த்து நின்றோம்.

"ஐயா, மூச்சைப் பிடியுங்கோ. அசையக்கூடாது."

பிடித்தார்.
மை பாய்ந்து கிளைகள் கறுத்தன.
சிறுநீரகங்களுக்குப் பிரியும் இடத்துக்குச் சற்றுக் கீழே
மடிந்து கிடந்த துணிக்குழாய்
மெல்ல விரிந்து சுவரில் ஒட்டியது.
எழுபது. எண்பத்தைந்து. நூற்றிரண்டு.
ஒருத்தரும் கதைக்கவில்லை.
எக்ஸ்ரே பிரதீபன்தான் திடுக்கிட்டு,
"ஐயோ, மூச்சை விடுங்கோ ஐயா!"

விட்டார். கண்ணைத் திறக்காமலே சொன்னார்:
"முப்பது வரியம் சங்கு குளிச்சனான், தம்பி.
நீங்கள் மறந்தாலும்
எப்ப மேல வாறதெண்டு எனக்குத் தெரியும்."

முடிய, ஒட்டியது
இரண்டு சின்னப் பிளாஸ்டர்.

காலை ஏழுக்கு மட்டுவிலுக்குப் போன் எடுத்தேன்.
இறைப்பு மிசின் இரைச்சல்.
கத்தரிக்குத் தண்ணி போகுதாம், சத்தமாய்ச் சொல்லட்டாம்.
வியாழன் வரவேண்டாம் என்றேன். ஏன் என்றும் சொன்னேன்.
மிசினை நிப்பாட்டினார்.

"ஆள் தப்பிட்டாரோ?"
"ஓம்."
"எவ்விடத்து ஆள்?"
"அது சொல்லேலாது, ஐயா."
"சரி, சரி."
ஒரு காகம் கத்தியது, அங்கேயோ இங்கேயோ.
"அப்ப என்ர எப்ப வரும்?"

ஏழு மாதம் என்பது வாயில் வரவில்லை.
பாரம் தூக்காதேங்கோ என்றேன், முக்காதேங்கோ,
பிரஷர்க் குளிசையை ஒருநாளும் விடாதேங்கோ.
எல்லாத்துக்கும் ஓம் என்றார்.
ஆறு தசம் ஒன்று சென்ரிமீற்றர்,
அவருடையது.

போனை அணைக்க மறந்துவிட்டார்.
மிசின் கயிற்றை இழுக்கிறார்.
பிடிக்கவில்லை.
இன்னொருக்கால் இழுக்கிறார்.