தரிப்பு

சவுக்காரம் வழுக்கினது என்றுதான்
எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.
கிணத்தடியில் அன்றைக்குச் சவுக்காரமே இல்லை.
ஈரமும் இல்லை.
திரும்பினேன். நிலம் இருக்கவில்லை.

மணிக்கட்டுப் பிளாஸ்டரை வெட்டிய கையோடு
டொக்டர் துண்டு எழுதித் தந்தார்:
புதன்கிழமை, எட்டு மணி,
ஆஸ்பத்திரிப் பின்பக்க மண்டபம்.

சிவப்புச் சீமெந்து. அதில்
மஞ்சள் டேப்பால் ஒட்டிய ஒரு கோடு.
கதிரை முதுகை ஒரு விரலால் மட்டும் தொட்டபடி
ஒற்றைக்காலில் பத்து எண்ண வேண்டும்.
சவுந்தரநாயகி, தபால் கந்தோரில் இருந்தவ,
கண்ணை மூடிக்கொண்டும் நிற்கிறா.
பேரின்பம் நாலு முடிய
பத்து என்று சொல்லிவிட்டு இருந்துவிடுவார்.
நான் மூன்று.

முப்பத்தொரு வருடம் கொண்டக்டர்.
ஒரு கையில் டிக்கெட் புத்தகம், மற்றதில் மிச்சக்காசு,
கம்பியைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது.
இணுவிலில் மாடு குறுக்கே வந்து பிரேக் அடித்தால்
சனம் முழுக்க முன்னுக்குச் சரியும்,
வாழைக்குலைக்காரர் என் சேட்டைப் பிடித்து நிமிர்வார்கள்.
அந்த முழங்கால்தான் இது.
மூன்று.

நிரோஜினி மிஸ்ஸுக்குக் கால் மட்டும் போதாதாம்.
"குதியை விரலோட முட்ட வைச்சுக் கோட்டில நடவுங்கோ ஐயா.
நடக்கேக்க நூறில இருந்து ஏழு ஏழாய்க் கழியுங்கோ.
மூளையும் கூட நடக்கோணும்."
தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது...
மிச்சக்காசுக் கணக்கு எனக்குப் பச்சைத்தண்ணி.
பாதிக் கோட்டிலேயே இரண்டுக்கு வந்துவிட்டேன்.

அவ பேனையைக் கடித்து யோசித்தா.
"அப்ப உங்கட பஸ் தரிப்புகள். ஒரு அடிக்கு ஒண்டு."

யாழ்ப்பாணம். தட்டாதெரு.
கொக்குவில். தாவடி (இதில் கொஞ்சம் ஆடினேன்).
இணுவில், மருதனார்மடம்,
சுன்னாகம், அரைவாசிச் சனம் இறங்கும்,
மல்லாகம்.
தெல்லிப்பழை.

நின்றுவிட்டேன்.

"ஏன் நிண்டிட்டியள்? இன்னும் கோடு கிடக்குதே."

தொண்ணூறுக்குப் பிறகு
நான் பென்சன் எடுக்கும்வரை
இதற்கங்கால் பஸ் போகவில்லை, பிள்ளை.
மரக்குத்தி போட்டிருக்கும்.
சாரதி பேசாமல் திருப்புவார்,
நான் பெல் அடிக்கத் தேவையில்லை.
இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.
அவ பிறக்க முந்தினது அது.

முன்னால் இரண்டு அடி டேப்,
ஓரம் கிளம்பி, யாரோவின் தலைமயிர் ஒட்டி.

பின்னாலிருந்து பேரின்பம், அந்தப் பக்கத்து ஆள்,
மெல்லச் சொன்னார்: "மாவிட்டபுரம்."
"எனக்குத் தெரியும்" என்று ஏறி விழுந்தேன்.

வலக்காலைத் தூக்கினேன்.
இப்போது அங்கே பஸ் போகிறது, பேப்பரில் பார்த்தேன்,
மகள்கூட ஒருதரம் போய் வந்தாள்.
பெயரைச் சொல்லிக் காலை வைத்தேனா
வைத்துவிட்டுச் சொன்னேனா, ஞாபகமில்லை.

மிஸ் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறா.
"பதினொண்டு, ஐயா" என்றா.
"ஒண்டையும் பிடிக்கேல்லை."